வரிசையில் வைத்த பை

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு மகள் கல்யாணம். அதனால் நான் கண்டிக்குப் போனேன்.

போன வேலை இதுதான். இலங்கையின் மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இனத்தின் பேரால் நடக்கும் அநியாயங்களை நேரில் தெரிந்துகொண்டு, நாங்கள் எப்படித் துணை நிற்கலாம் என்று மதுரைக்கு வந்து சொல்ல வேண்டும். மாதம் ஒரு புத்தகமாக உலகத்து அநியாயங்களையெல்லாம் வாசித்து, வடை தின்று, வருத்தப்பட்டுக் கலைகிறவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்து ஜில்லாக்களிலிருந்து தேயிலை நட அழைத்துப் போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது என்பது ஒரு கூட்டத்தில் திடீரென்று அம்பலமானது. செயலாளர் சந்தானம் சாருக்கு அன்றைக்கு நல்ல ஆவேசம். நேரில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். போனது அவரல்ல.

கண்டியில் என்னைப் பொறுப்பேற்றவர் ஜெயசீலன். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலைக்காகக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்றும் இங்கேயே இருந்துவிட்டார். வெளியூர்க்காரர்களைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டுவதற்கென்றே ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறார். நல்ல மனிதர். ஆனால் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நிகழ்ச்சி நிரல் இருந்தது. நகரத்துக்குள் தங்கினால் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று அவராகவே தீர்மானித்து, எனக்கு ஊருக்கு வெளியே கெலிஓயாவில் ஒரு மாடி அறை பார்த்து வைத்திருந்தார். நானோ கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் எல்லோரையும் பேசாதே என்று அதட்டியவள். என்னை யாராவது வரிசைப்படுத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாளே சாப்பாட்டில் சண்டை. நான் சைவம். கெலிஓயாக் கடைவீதியில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஒரு சம்பல் வைத்தார்கள். வாயில் வைத்த பிறகுதான் கருவாட்டு வாசம் தெரிந்தது. மாசி என்றார்கள். மாசியும் மீன்தானே என்றால், அது தூள்தான் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். பருப்பிலும் தூள், கத்தரிக்காயிலும் தூள். கடைசியில் வெறும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். சரி, தேயிலை விளைகிற ஊர், ஒரு நல்ல டீ குடிப்போம் என்று கேட்டால் பால்மா என்கிற பால்பவுடரைக் கரைத்துக் கொண்டுவந்தார்கள். மதுரையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெயசீலன் வேனோடு வந்தார். பேராதனை தாண்டிக் கலஹாவுக்கு ஏறுகிற பாதை முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். குடியுரிமை பறித்தது, இந்தியாவுக்குக் கப்பலேற்றியது, மிச்சமிருந்தவர்களை லயத்திலேயே விட்டது எல்லாவற்றையும் ஒரு வளைவுக்கு ஒன்றாகச் சொன்னார். லயம் என்றால் தெரியும்தானே, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். நான் வாந்தி வராமல் இருப்பதில் கவனமாக இருந்தேன்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பத்து மணிக்கு எல்லாரும் வந்திருப்பினம்" என்றார்.

வந்திருந்தார்கள். பிள்ளை மடுவத்தில் கூட்டம். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. கூட்டி, தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை, அங்கே கதிரை என்பார்கள், அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்கள் சார்பில் பேசியவள் செல்வராணி. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, நல்ல கணீர்க் குரல். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தது, வழியில் செத்தவர்களை அங்கேயே விட்டு வந்தது, அட்டைக் கடி, துரைமார் அடி எல்லாம் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். நான் அழுதேன். குறிப்பெடுத்துக்கொண்டே அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கூட்டமாகப் போய் லயத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவைப் பார்த்தோம். சென்ற பெருமழையில் மண் வாய் பிளந்து, லயத்துச் சுவர் வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. கையை நுழைக்கலாம். மழை பலத்தால் எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் படுக்கப் போய்விடுவார்களாம். ஜெயசீலன் என்னை வெடிப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். எங்கே நின்றால் வெடிப்பு நன்றாகத் தெரியும் என்று அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

நாங்கள் என்ன உதவி செய்யலாம் என்று கேட்டேன். அதைக் கேட்கத்தானே விமானம் ஏறினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வந்ததே பெரிய உதவி என்று செல்வராணி சொன்னாள். ஜெயசீலன் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு ஏனோ உறுத்தியது. எங்கள் நூலகத்துக்கு ஆய்வுக்குழு வந்தபோதெல்லாம் நானும் இதே குரலில்தான், எல்லாம் நன்றாக இருக்கிறது ஐயா என்று சொல்வேன்.

கிளம்பி இரண்டு வளைவு தாண்டவில்லை, வேன் புகைவிட்டு நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். ஓட்டுநர் வண்டியைத் திட்டினார், ஜெயசீலன் ஓட்டுநரைத் திட்டினார். இரண்டு பேரையும் சகிக்காமல் கேனைப் பிடுங்கிக்கொண்டு நானே லயத்துக்குத் திரும்பி நடந்தேன்.

குழாயடியில் சத்தம். கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண் இப்போது வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"வாரவங்க வருவாங்க, அழுவாங்க, போவாங்க. நமக்குத்தான் அரப்பேரு. இந்த ராணிக்கு அதுவும் இல்ல."

என்னைப் பார்த்ததும் எல்லோரும் அமைதியானார்கள். ஒருத்தி ஓடிவந்து கேனை வாங்கினாள். அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார்கள். நான் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன், சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று.

விஷயம் இவ்வளவுதான். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எங்கள் பத்து மணிக் கூட்டத்துக்காக இந்தப் பெண்கள் மலையைவிட்டு இறங்கியிருக்கிறார்கள். இனிமேல் ஓடிப்போய்ப் பறித்தாலும் கிலோ சேராது. கூட்டிப் பெருக்கிக் கதிரை போட்ட செல்வராணி காலையில் மலைக்கே போகவில்லை. அவளுக்கு இன்றைக்குப் பேரே இல்லை. ஒவ்வொரு குழு வரும்போதும் இதே கதைதானாம். குழுக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் கண்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் கூட்டம் எப்போதும் காலையில்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அநியாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்து, கூலியைக் கெடுத்துவிட்டு, போதாததற்கு வெடிப்போடு படமும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அங்கேயே நின்றிருந்த செல்வராணியின் முகம் அந்தக் கூலிக்காக வாடியதல்ல. மெல்ல மெல்லத்தான் சொன்னாள். வெடிப்புக்குப் பிறகு அந்த லயத்தார் புதிதாக வீடு கட்டிக்கொள்ளத் துண்டு நிலம் கொடுப்பதாக ஒரு பேச்சு இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர்கள் கதவுகளை எண்ணிக்கொண்டு போனார்கள். ஒரு கதவுக்கு ஒரு குடும்பம். செல்வராணியும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருப்பது இஸ்தோப்பில். லயத்து அறைக்கு முன்னால் இருக்கிற சின்னத் தாழ்வாரம்தான் இஸ்தோப்பு. கொழுந்தன் குடும்பம் உள்ளே, இவள் குடும்பம் தாழ்வாரத்தைத் தகரம் வைத்து அடைத்து வெளியே. பதினைந்து வருடம். இஸ்தோப்புக்குக் கதவு கிடையாது. அதனால் கணக்கில் அவர்கள் கிடையாது.

கண்டியிலிருக்கும் அலுவலகத்துக்கு நேரில் வந்து தனிக்குடும்பம் என்று பதிந்துகொள்ள அவளுக்கு வியாழக்கிழமை கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகவே கங்காணியிடம் வியாழன் ஒரு நாள் நின்றுகொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். இப்போது செவ்வாயும் நின்றாயிற்று.

"மலையில கொழுந்து ஏறிக் கெடக்கு, வாரத்துல ரெண்டு நாள் நின்னா எப்புடின்னு கேக்குறாரு. மத்தியான நிறுவ முடிஞ்சு ஓடலாம்மா. ஆனா அங்க நம்பரு காலையிலதான் குடுப்பாங்க. நம்பரு இல்லாம உள்ள விட மாட்டாங்க."

நீ ஏன் ஜெயசீலன் ஐயாவிடம் இன்றைக்கு முடியாது என்று சொல்லவில்லை என்று கேட்டேன். ஐயா நல்லவர், எப்படிச் சொல்வது என்றாள். நல்லவர்களிடம் முடியாது என்று சொல்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

வேனில் ஏறியதும் ஜெயசீலனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இதை நாங்கள் கட்டாயம் அறிக்கையில சேர்ப்பம்" என்றார். வியாழக்கிழமை நீங்கள் அந்த அலுவலகத்துக்குக் கூட வரமுடியுமா என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்குக் கருத்தரங்கு. தலைப்பைக் கேட்டேன். சமத்துவமின்மை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க மழை. கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போக பஸ் ஏறினேன். மதுரை பஸ்ஸில் கூட்டம் என்று புலம்புகிறவர்களை ஒரு தடவை இதில் ஏற்ற வேண்டும். நடத்துனர் முன்னால் போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே என்னைப் பின்னால் தள்ளினார். பாதியில் இறங்கி, நனைந்து, ஒரு முச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் ரிஸ்வான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள், அண்ணன் என்று அர்த்தம். என்னைவிடச் சின்னவர்தான், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். எரிச்சலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். மடவளைப் பக்கத்தில் அவருடைய மச்சானுக்கு ஒரு துணிக்கடை. முஸ்லிம் கடைகளைக் குறிவைத்த ஒரு கலவரத்தில் பக்கத்துக் கடைகளோடு அதுவும் எரிந்தது. அப்போதும் இப்படித் தெரிந்துகொள்ள நிறையப் பேர் வந்தார்களாம்.

"மச்சான் புது ஷட்டர் வாங்கி வச்சும் போடாம இருந்தாரு அக்கா. ஏனெண்டா வாரவங்க எல்லாரும் எரிஞ்ச ஷட்டரப் பாக்கத்தான் கேட்டாங்க. ரெண்டு கெழம, பதினாலு நாளு, கட திறக்க ஏலாமப் போச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது. அவரும் சிரித்தார், அவருக்கு அந்த வெட்கம் தேவையில்லை.

அந்த மழையில், வண்டியின் பிளாஸ்டிக் திரைக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் ஊர் ரேஷன் கடை ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளில் யார் காலையிலிருந்து நிற்பது? வரிசையில் ஒரு பையை வைப்போம். பை இல்லாவிட்டால் ஒரு செங்கல். பைக்குப் பின்னால் வருகிறவர் பையை மதிப்பார், அது நகர வேண்டியபோது நகர்த்தியும் வைப்பார். செல்வராணியிடம் இல்லாதது வேலை நாளின் ஒரு பகல். என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். சிங்களம் தெரியாது, சட்டம் தெரியாது, சாம்பாரில்லாமல் இருக்கத் தெரியாது. ஆனால் பையாக இருக்கலாம்.

செவ்வாயன்று வாங்கி வைத்த எண்ணில் செல்வராணிக்குப் போன் செய்து, காலையிலேயே போய் உனக்காக நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம் என்றாள். மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் பஸ் ஏறு என்று சொல்லிவிட்டு வைத்தேன். நானா தானும் வருவதாகச் சொன்னார். உள்ளே சிங்களம் பேச ஒரு ஆள் வேண்டுமே என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்குமுன் போய்விட்டோம். வெளியே பலகையில் மூன்று மொழியும் அழகாக இருந்தது. உள்ளே ஒரே மொழி. தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் உண்டாம், அன்றைக்கு லீவாம். வாசலில் நம்பர் கொடுத்தவரிடம் நானா சிங்களத்தில் நெடுநேரம் பேசி, கலஹாவிலிருந்து வரப்போகிற பெண்ணுக்கு என்று ஒரு அட்டை வாங்கித் தந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது, இதைவிட எரிச்சலான வேலையும் கிடையாது. மின்விசிறி ஓடவில்லை. ஒரு உத்தியோகத்தர் எழுந்து போனால் திரும்பி வருவாரா என்பதே சந்தேகம். காலை முழுக்கப் பணிஸ் என்கிற பன் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றேன். அதில் மாசி இல்லை என்று மூன்று பேரிடம் விசாரித்த பிறகு.

மத்தியானம் தாண்டியதும் நம்பர்கள் ஓட ஆரம்பித்தன. காலையெல்லாம் ஊர்ந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஏன் பறக்கிறார்கள் என்று எந்த நாட்டு அலுவலகத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. செல்வராணி போனில், பஸ் பேராதனைக்கு முன்னால் பழுதாகி நிற்கிறது என்றாள். நானா வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் மொழி தெரியாமல் தனியாக.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள் என்பது பக்கத்திலிருந்த சிங்களப் பெண்மணி என் அட்டையைத் தட்டியதில்தான் தெரிந்தது. நான் கையை விரித்து, நீங்கள் போங்கள் என்று காட்டினேன். அவர் போய் வந்தார். அடுத்தவரையும் போகச் சொன்னேன். அதற்கடுத்தவரையும். மூன்றாவது ஆளுக்குப் பிறகு உத்தியோகத்தர் கோபமாக ஏதோ சொன்னார், அட்டையைக் காட்டி வெளியே கை நீட்டினார். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் தமிழில் அவள் வருகிறாள், அவள் வருகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு அது என்ன புரிந்திருக்கும்.

அப்போது அந்தச் சிங்களப் பெண்மணி, தன் வேலை முடிந்தும் போகாமல் நின்றவர், அவரிடம் நாலைந்து வார்த்தை சொன்னார். உத்தியோகத்தர் பெருமூச்சுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். அந்தப் பெண்மணி என்ன சொன்னார் என்று பிறகு நானா உத்தியோகத்தரிடம் விசாரித்து எனக்குச் சொன்னார்: "இந்தம்மா காலையிலிருந்து இந்தக் கதிரையைவிட்டு எழும்பவில்லை, வருகிறவள் வராமல் இருக்க மாட்டாள்." நான் நன்றி சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

செல்வராணி ஓடிவந்தாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. நான் கதிரையைவிட்டு எழுந்தேன், அவள் அட்டையை வாங்கிக்கொண்டு நானாவோடு உள்ளே போனாள். என் வேலை முடிந்தது. மரத்துப்போன காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நானாதான் சொன்னார். இஸ்தோப்பில் இருப்பவர்கள் எப்படித் தனிக்குடும்பம் என்று முதலில் கேட்டார்களாம். தனி அடுப்பா என்று கேட்டார்களாம். தனி அடுப்பு, தனி உலை, தனி விறகு, பதினைந்து வருடமாக என்று இவள் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டார்கள். ஆள் வந்து பார்ப்பார்கள். நிலம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆனால் கதவில்லாத இடத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று ஒரு சிங்கள எழுத்து வரிக்குள் அவர்கள் ஏறிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நானா மூன்று பேருக்கும் பிளேன்டி வாங்கி வந்தார். பால்மா இல்லாத டீ. இந்தத் தீவில் நான் குடித்த முதல் நல்ல டீ அதுதான். செல்வராணி செவ்வாய்க்கிழமை பேசிய கணீர்க் குரலில் பேசவில்லை, களைத்த குரலில் பேசினாள். அன்றைக்குச் சொன்ன பாட்டன் கதையெல்லாம் பொய்யில்லை, ஆனால் வருகிறவர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள் என்றாள். இஸ்தோப்பைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது, நானும் கேட்கவில்லை.

பஸ் வந்ததும் ஏறப்போனவள் திரும்பினாள்.

"எங்க லயத்துல இன்னும் நாலு இஸ்தோப்பு இருக்கும்மா. அவுங்களுக்கும் ஒவ்வொரு நாளாத்தான் குடுத்திருக்காங்க. இனி யாராச்சும் எங்கள பாக்க வாரதா இருந்தா, ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. அன்னிக்குத்தான் நாங்க வீட்ல இருப்போம்."

வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சந்தானம் சார் போன் செய்தார். ஜெயசீலன் அனுப்பிய படங்கள் குழுவில் பெரிய அலையைக் கிளப்பிவிட்டனவாம். வெடிப்புக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படத்தைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்களாம். வட்டத்தில் பதினைந்து பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் வந்ததும் எல்லோரும் வருகிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமையாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கொழுந்து பறிக்க மாட்டாங்களேம்மா. அப்புறம் அவ்வளவு தூரம் போய் என்னத்தப் பாக்கிறது?"

நான் போனை வைத்துவிட்டேன். பெட்டியின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, அதை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகு நானே அவரைக் கூப்பிட்டேன். பதினைந்து பேர் வேண்டாம், நாலு பேர் போதும், ஒவ்வொருவராக வரட்டும் என்றேன். பேச்சு வேண்டாம், படம் வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம். ஒரு பகல் முழுக்க ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்புங்கள் என்றேன்.